புகையைப் பிடிக்க முடியாதா, பிடிக்க மனமில்லையா?

"வாயு என்பது காற்றோடு போகிற சமாச்சாரம். அதைப் பிடித்து மூட்டை கட்டி வைக்க யாரால் முடியும்? தொழில் வேண்டுமென்றால் புகையைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்!"

இந்தப் பேச்சைக் கேட்காத தொழிலாளி உண்டா? ஆலை மானேஜர் சொல்கிறார். சோதனைக்கு வரும் அதிகாரி தலையாட்டுகிறார். ஊர்ப் பெரிய மனிதர் ஒத்து ஊதுகிறார். திரும்பத் திரும்பக் கேட்டு நம்மிலேயே பலர் நம்பிவிட்டார்கள். மழையும் வெயிலும் போல ஆலைப் புகையும் இயற்கையின் விதி என்று எண்ணிக்கொண்டு, இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள்.

தோழர்களே, இது பச்சைப் பொய்! வாயுவைப் பிடிக்கலாம், கழுவலாம், பிரிக்கலாம், உப்பாக்கலாம், உரமாகவும் ஆக்கலாம். அதற்கான வழி ஏறக்குறைய 190 ஆண்டுகளாகத் தெரிந்ததே. பெரிய கல்லூரிப் படிப்பில்லாமலே நாம் புரிந்துகொள்ளக்கூடிய வழிதான் அது. புரிந்துகொண்டவனை யாரும் ஏமாற்ற முடியாது. ஆகவே முதலில் விஷயத்தைப் பார்ப்போம். கணக்கைப் பிறகு தீர்ப்போம்.

மஞ்சளும் சுண்ணாம்பும்

நம் வீட்டு ஆரத்தித் தட்டில் இருக்கிறது முதல் பாடம். மஞ்சள் நீரில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவந்துவிடுகிறது. அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிறது. ஏன்?

உலகத்துப் பொருள்களில் எதிரும் புதிருமான இரண்டு வர்க்கங்கள் உண்டு. ஒன்று புளிப்பு வர்க்கம். எலுமிச்சை, புளி, பாட்டரியில் ஊற்றும் கந்தகத் திராவகம் எல்லாம் இதில் சேரும். இதற்கு அமிலம் என்று பெயர். மற்றொன்று சுண்ணாம்பு, சலவைச் சோடா, காஸ்டிக் சோடா ஆகியவற்றின் வர்க்கம். இதற்குக் காரம் என்று பெயர். மிளகாய்க் காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை மற்றொன்று அழிக்கிறது. இரண்டும் சாந்தமாகி ஒரு உப்பும் தண்ணீரும் மிஞ்சுகின்றன.

வாயுக்களிலும் இதே பிரிவினை உண்டு. கந்தகம் எரிந்தால் வரும் கந்தக டையாக்சைடு, உப்பிலிருந்து வரும் உப்பமில வாயு, சாக்கடையிலும் தோல் ஆலைத் தொட்டியிலும் அழுகிய முட்டை நாற்றத்தோடு எழும்பி ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு, அடுப்பிலும் மூச்சிலும் வரும் கரியமில வாயு ஆகியவை அமில வாயுக்கள். கார வாயுக்களில் நாம் அதிகமாகச் சந்திப்பது அம்மோனியா. உரத் தொழிற்சாலையில் அது உண்டு. மீனைப் பதப்படுத்தும் ஐஸ் பிளான்டில் உண்டு. யூரியா போட்ட வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் மூக்கைத் துளைப்பதும் அதுதான்.

கார வாயு என்றால் சாது என்று எண்ணிவிடாதீர்கள். 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில் எண்ணூர்க் கடலோரத்தில் நடந்ததை நாடே அறியும். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மீனவ மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இரண்டும் சந்தித்தால்

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பயன்படுத்தும் நவச்சாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக் கட்டி என்ன தெரியுமா? உப்பமில வாயுவும் அம்மோனியாவும் கைகோத்து உண்டான உப்புதான். உப்புத் திராவகப் புட்டியையும் அம்மோனியாப் புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தால், நடுவில் திடீரென்று வெண்புகை எழும்பும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வாயுக்கள் சந்தித்துக் கண்ணுக்குத் தெரியும் தூளாகிவிட்டன! 17 கிலோ அம்மோனியாவும் 36½ கிலோ உப்பமில வாயுவும் சேர்ந்தால் 53½ கிலோ நவச்சாரம். ஒன்றும் மாயமாகப் போகவில்லை. கணக்கு சரியாக நிற்கிறது.

சேர்ந்ததைப் பிரிக்கவும் முடியும். நவச்சாரத் தூளை நீற்றிய சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா நெடி குபீரென்று கிளம்பும். அமிலப் பங்கைச் சுண்ணாம்பு தன்பால் இழுத்துக்கொள்ள, கார வாயு விடுதலையாகி வெளியே வருகிறது.

இதில் அடங்கியிருக்கிறது வாயுவைப் பிரிக்கும் வித்தை முழுவதும். ஒரு கலவையிலிருந்து அமில வாயுவை எடுக்க வேண்டுமா? சுண்ணாம்புத் தண்ணீரிலோ சோடாக் கரைசலிலோ அதைக் கழுவு. அமில வாயு அதில் தங்கிவிடும். அம்மோனியாவை எடுக்க வேண்டுமா? கந்தகத் திராவகம் கலந்த நீரில் கழுவு. அம்மோனியா அங்கே உப்பாகத் தங்கிவிடும். பெரிய ஆலையில் இதற்கு ஒரு கோபுரம் கட்டுவார்கள். கீழிருந்து புகை ஏறும். மேலிருந்து கரைசல் மழைபோல இறங்கும். ஆலைக்காரர்கள் ஸ்கிரப்பர் என்கிறார்களே, அதுதான் இந்தக் கழுவு கோபுரம்.

லாபம் கெடும் இடத்தில் வித்தை தெரிகிறது!

"இதெல்லாம் புட்டியில் நடக்கும், ஆலையில் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

உருக்காலைக்கு வேண்டிய கோக் கரியைச் சுடும்போது வரும் வாயுவில் அம்மோனியாவும் இருக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது. காரமும் அமிலமும் ஒரே குழாயில்! அந்த அம்மோனியாவைக் கந்தகத் திராவகத்தில் பிடித்து அமோனியம் சல்பேட் உரமாக்கி மூட்டை மூட்டையாக விற்றிருக்கின்றன பிலாய், ரூர்கேலா உருக்காலைகள். வயலில் நம் கை வீசியது அந்த உரம்தான்.

உரத் தொழிற்சாலையைப் பாருங்கள். அம்மோனியா செய்வதற்கு முன்னால் மூல வாயுவிலிருக்கும் கரியமில வாயுவைக் காரக் கரைசலில் கழுவி எடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த வினையூக்கி கெட்டுப்போகும் என்பதால், பத்து லட்சத்தில் சில பங்குகூட விடாமல் துடைத்தெடுக்கிறார்கள். எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையிலும் அப்படியே. ஹைட்ரஜன் சல்பைடைக் காரக் கரைசலில் பிடித்து, சூடாக்கி மறுபடி வெளியேற்றி, கந்தகமாக்கி விற்கிறார்கள்.

கவனியுங்கள் தோழர்களே! வாயு அவர்கள் சரக்கைக் கெடுக்குமானால் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூடத் தேடிப் பிடிக்கிறார்கள். அதே ஜாதி வாயு நம் நெஞ்சைக் கெடுக்குமானால் "வாயுவை யாரால் பிடிக்க முடியும்?" என்று கை விரிக்கிறார்கள். வித்தை ஒன்றுதான். யாருக்கு நஷ்டம் என்பதைப் பொறுத்து அது தெரிகிறது, அல்லது மறந்துபோகிறது!

புகைபோக்கியை உயர்த்திய சாமர்த்தியம்

இந்தச் சாமர்த்தியம் புதிதல்ல. இங்கிலாந்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணி ஆலைக்கும் சோடா உப்பு ஏராளமாகத் தேவைப்பட்டது. லெப்ளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட முறையில் அதைச் செய்தார்கள். சாதாரண உப்பின் மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றிச் சுடுவது அதன் முதல் படி. 100 கிலோ உப்புக்கு ஏறக்குறைய 62 கிலோ உப்பமில வாயு கிளம்பும். அதை அப்படியே ஊர்மேல் விட்டார்கள். செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ், கிளாஸ்கோ வட்டாரங்களில் மரங்கள் மொட்டையாயின, பயிர்கள் கருகின, பூட்டும் தாழ்ப்பாளும் துருப்பிடித்தன.

மக்கள் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? புகைபோக்கியை உயர்த்தினார்கள்! கிளாஸ்கோவில் டெனன்ட் கம்பெனி 1842-ல் கட்டிய புகைபோக்கியின் உயரம் 435 அடி. வாயு குறைந்ததா? ஒரு படிகூடக் குறையவில்லை. பக்கத்து ஊரில் விழுந்தது தூரத்து ஊரிலும் விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனைக்கும் மருந்து கையிலேயே இருந்தது. 1836-லேயே வில்லியம் காசேஜ் என்பவர், உபயோகமற்றுக் கிடந்த ஒரு காற்றாலைக் கட்டிடத்துக்குள் முட்செடியும் சுள்ளியும் நிரப்பி, மேலிருந்து தண்ணீரை ஒழுகவிட்டு, வாயுவை அதற்குள் செலுத்தினார். உப்பமில வாயு தண்ணீரில் கரைந்துவிட்டது. சுள்ளியும் தண்ணீரும்தான் செலவு! ஆனாலும் சட்டம் வர 27 ஆண்டுகள் ஆயின. 1863-ல் வந்த ஆல்கலி சட்டம், நூற்றுக்கு 95 பங்கு வாயுவைப் பிடித்தே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் வந்தவுடன் முடியாதென்ற காரியம் முடிந்தது. முதல் இன்ஸ்பெக்டரான ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் அளந்து பார்த்தபோது, சராசரியாக 95 பங்குக்கும் மேலேயே பிடிபட்டிருந்தது. பின்னாளில் "அமில மழை" என்ற சொல்லைத் தம் புத்தகத்தில் வழங்கியவரும் இவரே.

பிரபுவின் மரமும் தொழிலாளியின் பல்லும்

அந்தச் சட்டம் யாருக்காக வந்தது? பார்லிமெண்டின் பிரபுக்கள் சபையில் 1862-ல் விசாரணைக் கமிட்டி வேண்டுமென்று கிளப்பியவர் டார்பி பிரபு. செயின்ட் ஹெலன்ஸுக்குப் பக்கத்தில்தான் அவருடைய பெரிய எஸ்டேட் இருந்தது. நிலப்பிரபுக்களின் மரம் பட்டது, சட்டம் பிறந்தது!

ஆனால் உலைக்கு முன்னால் நின்ற தொழிலாளிக்கு என்ன ஆயிற்று? அமில ஆவி அவன் பற்களை அரித்துத் தின்றது. பிடித்த உப்பமிலத்திலிருந்து குளோரின் எடுத்து, அதைச் சுண்ணாம்பில் உறிஞ்சவிட்டு, பிளீச்சிங் பவுடராக்கி, துணி வெளுக்க விற்று லாபம் குவித்தார்கள். அதுவும் அமில வாயுவைக் காரத்தில் பிடிக்கும் வித்தையே. ஆனால் அந்தப் பவுடரை அள்ளிப் பீப்பாயில் அடைத்தவன், வாயையும் மூக்கையும் பிளானல் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. வெளியே போகும் வாயுவை அளக்க இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளே தொழிலாளி சுவாசிக்கும் வாயுவை அளக்க 1863-ம் வருஷத்துச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பிளீச்சிங் பவுடரில் லாபம் தெரியும் வரையில், பிடித்த அமிலத் தண்ணீரில் ஏராளத்தை ஓடையில் கொட்டினார்கள். காற்றில் போன விஷம் தண்ணீரில் போயிற்று. ஆகவே பிடித்தால் மட்டும் போதாது. பிடித்ததைச் சாந்தப்படுத்தியும் ஆகவேண்டும்.

நம் நாட்டில் நடந்தது என்ன?

இனி நம் வீட்டுக்கு வருவோம். நிலக்கரியில் கந்தகம் இருக்கிறது. எரித்தால் கந்தக டையாக்சைடாகி அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வழியே போகிறது. இதைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவினால் ஜிப்ஸமாகத் தங்கிவிடும். லண்டனில் பாட்டர்சீ மின்நிலையத்தில் 1930-களிலேயே தேம்ஸ் நதித் தண்ணீரும் சாக்கட்டிச் சுண்ணாம்பும் கொண்டு புகையைக் கழுவினார்கள். மேற்கு ஜெர்மனி 1983-ல் சட்டம் போட்டு, பெரிய மின்நிலையங்களில் எல்லாம் சுமார் ஐந்தாண்டுக்குள் கோபுரங்களை நிறுத்தியது. அதுவும் முதலாளித்துவ நாடுதான்!

இங்கே? 2015 டிசம்பர் 7-ந் தேதி மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது: இரண்டு ஆண்டுக்குள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்து என்று. 2017 வந்தது, தவணை நீண்டது. 2022 வந்தது, மறுபடி நீண்டது. 2024 முடியும்போது இன்னும் மூன்று ஆண்டு கிடைத்தது. நம் குடிசைக்கு வாடகை பாக்கி நின்றால் இத்தனை தவணை கொடுப்பார்களா?

கடைசியில் 2025 ஜூலை 11-ந் தேதி வேஷம் முழுவதும் கலைந்தது. நாட்டின் நிலக்கரி மின்நிலைய அலகுகளில் நூற்றுக்குச் சுமார் 78-க்கு அந்த விதியிலிருந்தே விலக்கு அளித்துவிட்டார்கள். தலைநகர வட்டாரத்துக்கும் பத்து லட்சம் ஜனத்தொகை கொண்ட நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டுமே கட்டாயமாகச் செய்ய வேண்டும். வேறு ஒரு பகுதியை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். விலக்குப் பெற்றவற்றுக்கு என்ன நிபந்தனை தெரியுமா? புகைபோக்கி இத்தனை உயரம் இருக்க வேண்டும்!

1842-ல் கிளாஸ்கோ முதலாளி சொன்ன வழி, 2025-ல் டில்லியில் சட்டமாகிவிட்டது! நகரத்து மூச்சுக்கு ஒரு நீதி, கிராமத்து மூச்சுக்கு ஒரு நீதி! மின்நிலையத்தின் நிழலில் நாற்று நடுகிற பெண்ணுக்கு இருப்பதும் அதே இரண்டு நுரையீரல்தானே?

நான்கு சாக்குகள்

அவர்கள் சொல்லும் காரணங்களை ஒளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் சாக்கு: "நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு." உண்மைதான். பெரும்பாலும் நூற்றுக்கு அரை பங்கு அளவில்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு டன் நிலக்கரியில் 5 கிலோ கந்தகம். அது முழுவதும் எரிந்தால் 10 கிலோ கந்தக டையாக்சைடு. 500 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாளில் சுமார் 7,000 டன் நிலக்கரியை விழுங்குகிறது. கொஞ்சம் சாம்பலோடு தங்கினாலும், ஒரு நாளைக்கு 70 டன் வரை விஷ வாயு! குறைவான கந்தகம் என்று சொல்கிறவர்கள், எரிக்கும் மலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இரண்டாவது சாக்கு: "காற்றை அளந்து பார்த்தோம், கந்தக டையாக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது." இங்கேதான் பெரிய சூது இருக்கிறது. நவச்சாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கந்தகப் புகை வானத்தில் வாயுவாகவே தங்குவதில்லை. அது போகும் வழியில் கந்தகத் திராவகமாக மாறுகிறது. வயலிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியா அதைச் சந்திக்கிறது. இரண்டும் சேர்ந்து அமோனியம் சல்பேட் தூளாகின்றன. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூள்! புகைபோக்கியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், மூக்கின் மயிரில் சிக்காமல், நேரே நுரையீரலின் அடியில் இறங்குவது இந்தத் தூள். நெஞ்சு நோயையும் மாரடைப்பையும் வளர்ப்பது இது. வாயுவை மட்டும் தேடிவிட்டு "காணோம்" என்பது, திருடன் சட்டையை மாற்றிக்கொண்டு போன பிறகு பழைய சட்டைக்காரனைத் தேடுவது போலத்தான்.

அமிலமும் காரமும் சந்தித்தே தீரும். அது இயற்கையின் விதி. எங்கே சந்திப்பது என்பதை மட்டும் மனிதன் தீர்மானிக்கலாம். கோபுரத்துக்குள்ளே சுண்ணாம்போடு சந்திக்கச் செய்யாவிட்டால், வெளியே வந்து நம் வயலின் அம்மோனியாவோடு சந்தித்து நம் நெஞ்சுக்குள் குடியேறும்.

மூன்றாவது சாக்கு: "சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தினால் கரியமில வாயு வெளியாகும், பூமி சூடாகும்." நாள் முழுவதும் கரியை எரிப்பவர்களுக்குத் திடீரென்று பூமியின் மேல் பரிவு வந்துவிட்டது! 70 டன் கந்தகப் புகையைப் பிடிக்கச் சுமார் 110 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதிலிருந்து 48 டன் கரியமில வாயு வரும். அன்றைக்கு எரித்த 7,000 டன் நிலக்கரியிலிருந்து வருவதோ சுமார் 10,000 டன். நூற்றுக்கு அரை பங்கு! பம்புகளும் காற்றாடிகளும் ஓட ஆகும் மின்சாரத்தைச் சேர்த்தாலும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குள்தான் நிற்கும். யானை போன வீதியில் எறும்பைப் பிடித்துக் காட்டுகிறார்கள்.

நான்காவது சாக்கு: "செலவு அதிகம், மின்சார விலை ஏறும்." ஆம், செலவு உண்டு. விலக்கு கொடுத்ததால் யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா மிச்சமாகும் என்று 2025-ல் பத்திரிகைகளில் கணக்கு வந்தது. சரி, அந்தச் செலவு மறைந்தா போயிற்று? கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் அடித்துவிட்டு இன்னொரு பக்கத்தில் எழுதிவிட்டார்கள். இருமலுக்கு வாங்கும் மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக இழந்த கூலி, இளமையிலேயே மூச்சடைத்துப் போகும் மனிதன், இவையெல்லாம் யார் கணக்கில்? கம்பெனிக்கு மிச்சமான பைசாவை நாம் நெஞ்சால் கட்டுகிறோம். மேலும் 70 டன் புகையை முழுவதும் பிடித்தால் ஏறக்குறைய 185 டன் ஜிப்ஸம் கிடைக்கும். சிமெண்டுக்கு அது தேவை. நிலக்கடலைக்குக் களை வெட்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்ஸம் போடச் சொல்கிறார்களே, சோதித்துச் சுத்தமானதென்று கண்டால் அதற்கும் உதவும். வானத்தில் விட்டால் நோய். பிடித்தால் காய் திரளும்!

கோபுரம் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது! போபாலை மறக்க முடியுமா? 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு, யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மிதைல் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் மடிந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் கழுவு கோபுரம் இல்லையா? இருந்தது! காஸ்டிக் சோடாக் கரைசலில் விஷத்தைச் சிதைப்பதற்கென்றே கட்டப்பட்டது. ஆனால் அன்றிரவு அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. உற்பத்தி நின்றிருந்ததால் சும்மா நிறுத்தி வைத்திருந்தார்கள். அவ்வளவு வாயுவைத் தாங்கும் அளவும் அதற்கில்லை. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை 1984 ஜூன் மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மிஞ்சும் வாயுவைக் கொளுத்தும் கோபுரத்தின் குழாயைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருந்தார்கள். காகிதத்தில் மூன்று காவல், காரியத்தில் ஒன்றுமில்லை!

ஆகவே கோபுரத்தைக் காட்டி நம்மை ஏமாற்ற முடியாது. கரைசல் ஓடுகிறதா, அதில் காரம் மிச்சமிருக்கிறதா, பம்பு இரவிலும் சுற்றுகிறதா என்பதே கேள்வி. சுண்ணாம்பு தன் பங்கு அமிலத்தைக் குடித்து முடித்துவிட்டால் பிறகு அது வெறும் தண்ணீர்தான். மாற்றாமல் விட்டால் கோபுரம் இன்னொரு புகைபோக்கியாகிவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

வாயு வேலை நடக்கும் ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டியவை இவை:

ஒன்று: இந்த ஆலையில் என்னென்ன வாயு உண்டு? ஒவ்வொன்றும் அமிலமா, காரமா? அதைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டு!

இரண்டு: கழுவு கோபுரத்தின் கரைசலை எப்போது மாற்றினீர்கள்? தினசரி அளவை எழுதிய புத்தகத்தைத் தொழிலாளர் பிரதிநிதி பார்க்கும் உரிமை வேண்டும். காஸ்டிக் சோடாவில் அமிலம் பிடிக்கும் கோபுரமானால், அதன் கரைசலில் மஞ்சள் பூசிய தாளை நனைத்தால் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் காரம் தீர்ந்துபோயிற்று என்று கொள்க. இதற்கு எந்த நிபுணரும் வேண்டியதில்லை.

மூன்று: எதிர் வர்க்கத்துக் கழிவுகளுக்குத் தனித்தனி வாய்க்கால் வெட்டு! தோல் ஆலையில் மயிர் நீக்கும் சல்பைடுச் சுண்ணாம்புத் தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வெளுப்பு ஆலையில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் திராவகம் விழுந்தால் குளோரின் கிளம்பும். இரண்டும் ஆளைச் சாய்க்கும். பணம் மிச்சம் பிடிக்க ஒரே தொட்டியில் விடுவது கொலைக்குச் சமானம். அந்தத் தொட்டிக்குள் எந்தத் தொழிலாளியும் இறங்கக்கூடாது. இறங்கு என்று எவனும் சொல்லக்கூடாது.

நான்கு: வாயு கசிந்தால் எச்சரிக்கும் சங்கு ஊருக்கும் கேட்க வேண்டும். சுற்றுக் கிராமத்து ஜனங்களுக்கு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஐந்து: கந்தகப் புகைக்குக் கொடுத்த விலக்கை ரத்து செய்! நகரத்துக்குப் பக்கம், கிராமத்துக்குப் பக்கம் என்ற பேதமின்றி எல்லா நிலக்கரி மின்நிலையங்களிலும் கழுவு கோபுரம் வை! அதன் செலவை ஏழையின் மின்கட்டணத்தில் ஏற்றாதே!

விவசாயத் தொழிலாளி தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இது ஆலைத் தொழிலாளியின் விவகாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவன் உள்ளே சுவாசிப்பதைத்தான் நீங்கள் வெளியே சுவாசிக்கிறீர்கள். புகைபோக்கி எத்தனை உயரமோ அத்தனை தூரத்து வயல்களுக்கும் அதில் பங்கு வரும். இங்கிலாந்தில் பிரபுவின் மரத்துக்காகச் சட்டம் வந்தது. இங்கே உழைப்பவனின் மூச்சுக்காகச் சட்டம் வரவேண்டுமானால், உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவனும் ஒரே குரலில் கேட்டாக வேண்டும்.

இனி யாராவது "வாயுவைப் பிடிக்க முடியாது" என்று சொன்னால், கொஞ்சம் சுண்ணாம்பை அவர் கையில் கொடுங்கள். "பிடிக்கும் பொருள் இது. விலை மலிவு. 1836-லிருந்து வழியும் தெரியும். உங்களிடம் இல்லாதது மனம் ஒன்றுதான். அதை வரவழைக்க எங்களுக்குத் தெரியும்!" என்று சொல்லுங்கள்.